வெட்டியது போக மிஞ்சிய பேச்சு

எங்கள் வீட்டில் நாட்டு நடப்பு காலை காபியோடு தொடங்கிவிடும். கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து டி.வி.யைப் போடுவார். அதில் பேசுகிறவர்களுக்கெல்லாம் இவர் பதில் சொல்லுவார். "இவனுக்கெல்லாம் என்ன தெரியும்?" என்பதுதான் முதல் வாக்கியம். தக்காளி விலை, கிரிக்கெட், ஐ.டி. கம்பெனிகளில் ஆள் குறைப்பது, மெட்ரோ வேலையால் காட்டுப்பாக்கத்தில் தன் வண்டி ஊர்ந்தது, எதுவானாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். நான் அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்பேன் என்றால், காதில் விழும், அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் "நீ என்ன நினைக்கிற?" என்று அவர் என்னிடம் சாம்பாரைப் பற்றிக்கூடக் கேட்டதில்லை. சாம்பாரைப் பற்றியும் அவரே சொல்லிவிடுவார்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று ஆரம்பத்திலேயே போடுவது மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் குறை சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். அவருக்குப் போரூரில் வேலை கிடைத்து வந்தோம். சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஃபிளாட் வாங்கினோம். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. லாரிகளுக்கு வாஷர் அடிக்கிற சின்னக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவு. இரும்பு வரவில்லை என்றால் என்னைத் திட்டுவார்கள், வந்தால் சப்ளையரைப் பாராட்டுவார்கள். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பேசும்போதே வேறு எதையோ டைப் அடித்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பேச்சு இருந்தது பஸ்ஸில்தான்.

சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் என்னோடு ஏறுகிற ஓர் அக்கா இருந்தார். அந்த ஊர்க்காரர். பழைய ஊருக்குள் இருக்கிற வீடு. மாமனாருக்கு நிலம் இருந்ததாம், அது எப்போதோ கைமாறி இப்போது அதன்மேல் ஒரு குடோன் நிற்கிறது. அக்கா எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்து வருகிற சட்டைகளைச் சரி பார்க்கிற வேலையில் இருந்தார். பிசிறு, பட்டன், தையல் விட்ட இடம் எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். மனிதர்களிடமும் அப்படித்தான்.

முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த அந்த பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், காசில்லாத ஒரு சீட்டு மட்டும் கொடுப்பார்கள். வேலப்பஞ்சாவடி தாண்டி, வானகரத்தில் திரும்பி, அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிப் போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் உலகத்தையே பிரித்துப் போடுவோம். பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு மளிகை கொண்டு வருகிற பையன்களைப் பற்றி அக்கா சொல்லுவார்: "இன்னாத்துக்குமே இந்த அவசரம்? ஒரு கட்டு கொத்தமல்லி லேட்டா வந்தா உயிரா பூடும்? அவன் உயிர்தான் பூடும்." மழைக்கு ரெட் அலர்ட் சொல்லிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, எங்கள் கம்பெனிகளை மட்டும் திறந்து வைப்பதைப் பற்றி நான் சொல்லுவேன். "அலர்ட்டு ஆபீசருக்குத்தான், நமக்கு இல்ல" என்பார் அவர். எங்கள் ஃபிளாட் சங்கத்தில் வேலைக்கு வருகிற பெண்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பலகை வைத்தபோது, அதை அவரிடம் சொல்லத்தான் வாய் கூசியது. சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு நெலத்து மேல மாடி கட்டிக்கினு, எங்களுக்கே படியா? நல்லா கீதுமா உங்க ஞாயம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத்தான் முகம் எரிந்தது. ஆனாலும் அது பேச்சு. நான் ஒன்று சொல்ல, அவர் மறுத்துச் சொல்ல, நான் யோசித்துப் பார்த்து ஒத்துக்கொள்ள, அப்படி ஒரு பேச்சு எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் எங்கள் சர்வீஸ் ரோட்டில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்ட ஆரம்பித்தார்கள். மழை வருவதற்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். மழை முதலில் வந்தது. நீளமாக ஒரு பள்ளம், உள்ளே கம்பிகள், ஓரத்தில் மண் குவியல். தடுப்பு என்று ஒரு நைலான் கயிறு, அதில் கிழிந்த சிவப்புத் துணி. சில நாளில் கயிறும் அறுந்து சேற்றில் கிடந்தது. நிறுத்தத்துக்குப் போக அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் நடக்க வேண்டும்.

ஒரு நாள் காலை மழை விட்டிருந்தது. ரோடு முழுக்கக் காப்பித் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. பள்ளம் எது, தரை எது என்று தெரியவில்லை. நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அக்கா எதிரே வந்துகொண்டிருந்தார். புடவையைத் தூக்கிப் பிடித்து, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். அடுத்த நொடி இடுப்புவரை ஆள் இல்லை.

ஓடினேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரரும் நானும் கையைப் பிடித்து இழுத்தோம். மேலே வந்ததும் அவர் முதலில் கேட்டது, "என் டப்பா எங்கமா?" என்றுதான். டப்பா பக்கத்தில் மிதந்தது. காலைப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கம்பி கெண்டைச் சதையைக் கிழித்திருந்தது. அதுவரை அவர் கத்தவில்லை. ஆட்டோவில் ஏற்றியபோதுதான் கத்தினார். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனோம். அவருடைய மகன் வந்து சேரும்வரை நான் கூடவே இருந்தேன். கால் எலும்பில் தகடு வைத்து முடுக்கினார்கள்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். கணவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார், அணைக்கவில்லை. "ஜனங்களும் பாத்து நடக்கணும்ல" என்றார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் நான் தனியாக நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவன் கையில் மைக். இன்னொருவன் குச்சியில் மாட்டிய போனைப் பிடித்திருந்தான். யூடியூப் சேனலாம். மைக் வைத்திருந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அக்கா, ரெண்டே நிமிஷம். பெண்களுக்கு இலவச பஸ் விட்டிருக்காங்க. அதப் பத்தி உங்க கருத்து என்ன?"

உங்க கருத்து. அந்த இரண்டு சொல்லை யாரும் என்னிடம் சேர்த்துச் சொன்னதில்லை. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டது நினைவிருக்கிறது. பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்தேன். பேசினேன்.

"ஆம்பளைங்க எங்கள 'ஓசி பஸ்ல போறவங்க'ன்னு கிண்டல் பண்றாங்க. கேக்கும்போது ரோஷமாத்தான் வருது. 'இந்த ஓசி பஸ் எங்களுக்கு வேண்டாம், நாங்க கேட்டமா?'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடலாம்னு தோணும். ஆனா அது பொய்யாப் போயிரும். இந்த பஸ் இல்லன்னா எங்கூட வர்ற அக்கா வேலைக்கே வந்திருக்க மாட்டாங்க. யார் கையையும் எதிர்பாக்காம வீட்ட விட்டு இறங்க முடியுது பாருங்க, அதான் பெரிசு. பஸ் நல்லாத்தான் இருக்கு. பஸ்ஸுக்கு வர்ற வழிதான் இல்ல. அந்தப் பள்ளத்தப் பாருங்க. போன வாரம் அந்த அக்கா அதுல விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்குறாங்க. ஒரு தடுப்பு வைக்க மாட்டாங்களா அந்தக் கான்ட்ராக்டர்? பஸ்ஸ விட்டாச்சு, போய்க்கோன்னா எப்படிப் போறது? பறந்தா?"

குச்சிக்காரன் போனைத் திருப்பிப் பள்ளத்தையும் எடுத்தான். மைக் பையன் "சூப்பர்க்கா, செமயாப் பேசினீங்க" என்றான். அன்று கம்பெனியில் சப்ளையர்களிடம் பேசும்போதுகூட என் குரல் வேறு மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது, இன்னும் கொஞ்சம் கோர்வையாகப் பேசியிருக்கலாமோ என்று யோசித்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "அம்மா, இது நீயா???" கூடவே ஒரு வீடியோ. படத்தில் என் வாய் திறந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது. தலைக்கு மேல் நெருப்பு. கீழே மஞ்சள் எழுத்தில், "ஓசி பஸ் வேண்டாம்! கொந்தளித்த குடும்பத் தலைவி!"

போட்டுப் பார்த்தேன். "இந்த ஓசி பஸ் எங்களுக்கு வேண்டாம், நாங்க கேட்டமா?" என்று நான் கேட்கிறேன். டமால் என்று ஒரு சத்தம். மறுபடி அதையே கேட்கிறேன், என் முகம் பெரிதாகிறது. "பஸ்ஸ விட்டாச்சு, போய்க்கோன்னா எப்படிப் போறது? பறந்தா?" என்கிறேன். யாரோ சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அவ்வளவுதான். அக்கா இல்லை. பள்ளம் இல்லை. கான்ட்ராக்டர் இல்லை. குரல் என்னுடையது, சொல் ஒவ்வொன்றும் என்னுடையது, சொன்னது மட்டும் நான் இல்லை.

கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்காரர்கள் "அக்கா தைரியசாலி" என்று கும்பிட்டிருந்தார்கள். இன்னொரு பக்கத்துக்காரர்கள் நான் காசு வாங்கிக்கொண்டு பேசுவதாக எழுதியிருந்தார்கள். கையில் வளையல் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, கார் வைத்திருக்கிற திமிர் என்றார்கள். என் உடம்பைப் பற்றி, என் பல்லைப் பற்றி, என் கணவர் என்னை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றி. எழுதியவர்களின் படங்களையும் பார்த்தேன். பாதிப் பேர் கையில் குழந்தை வைத்திருந்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். தினமும் பார்க்கிற பெண்கள். ஒருத்தியும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கோயம்பேட்டில் பூ வாங்கி வந்து விற்கிற ஒரு பெண், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வோணாம்னா எறங்கி நடந்து போவேண்டியதுதான. எங்க வாயில இன்னாத்துக்கு மண்ண போடுற" என்றார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கண்டக்டர் பணமில்லாத அந்தச் சீட்டை நீட்டிவிட்டு, பாதி வழியில் கையை இழுத்து, "உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் "அண்ணே, அது நான் சொன்னது இல்ல" என்றேன். அது எனக்கே முட்டாள்தனமாகக் கேட்டது. எல்லாரும் என் வாயை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். வானகரம்வரை நின்றுகொண்டே போனேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. மானத்தை வாங்கிவிட்டாய் என்று கணவர் ஆடப்போகிறார் என்று தயாராகத்தான் கதவைத் திறந்தேன். சாப்பாட்டு மேஜைமேல் பால்கோவா பெட்டி இருந்தது. டி.வி.யில் நான் இருந்தேன். போனிலிருந்து அதைப் பெரிய திரையில் போட்டிருந்தார்.

"வா, வா. நம்ம காலேஜ் குரூப்ல, ஆபீஸ் குரூப்ல எல்லாத்துலயும் இதான் ஓடுது. இவ்வளவு பேசுவியா நீ? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மகளுக்கு வேலை கிடைத்த அன்றுதான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்த இலவச பஸ் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று பல காலை இட்லி ஊற்றியபடி கேட்டிருக்கிறேன். அவர் மனைவியே ஊரறிய அதைச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, அது நான் பேசினதே இல்ல. வெட்டி ஒட்டிருக்கான்."

"அதனால என்ன?"

"என்னவா? நான் சொன்னது வேற. பஸ் வேணும்னு சொன்னேன். அந்தப் பள்ளத்தப் பத்திச் சொன்னேன்."

அவர் பால்கோவாவை ஸ்பூனால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "விடு. வெட்டினாலும் நல்ல எடத்துலதான வெட்டிருக்கான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வழக்கமாக நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்று கணவர் என்னை உட்காரச் சொன்னார். சோபாவில், அவருக்குப் பக்கத்தில். "இவளே சொல்லட்டும். தெனம் அதுல போறவ. நீயே சொல்லும்மா, இந்த இலவசத்தப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

அப்படித்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. எத்தனை வருடம் கழித்து, யார் போட்ட பிச்சையில் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் நிதானமாகச் சொன்னேன். நிறுத்தத்தில் சொன்னதையே சொன்னேன். அக்காவைப் பற்றி, பஸ்ஸை நம்பி வேலைக்கு வருகிற மற்றவர்களைப் பற்றி, திறந்து கிடக்கிற பள்ளத்தைப் பற்றி. யாரும் குறுக்கே பேசவில்லை. அது மரியாதை என்று நினைத்துவிட்டேன். சொல்லி முடித்ததும் நண்பர்களில் ஒருவர் கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"கேமரா முன்னாடி இருந்த ஃபயர் இங்க இல்லையே சிஸ்டர்."

எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சரி, காபி கொண்டா" என்றார். நான் எழுந்தபோது அவர்கள் ஏற்கெனவே வேறு எதற்கோ போய்விட்டிருந்தார்கள்.

அந்தச் சேனலுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வராது என்று நினைத்தேன், மைக் பையனே போன் பண்ணிவிட்டான். குரலில் தப்பு செய்தவனின் தயக்கம் எதுவும் இல்லை.

"அக்கா, எடிட்டிங் நான் பண்றதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பள்ளம், ரோடுன்னு போட்டா யாருக்கா பாப்பா? ஊரெல்லாம் பள்ளம்தான்."

"தம்பி, உங்க அம்மாவ இப்படி வெட்டிப் போடுவியா?"

"எங்க அம்மாவும் அந்த பஸ்லதான்க்கா போறாங்க. அவங்களும் உங்களத் திட்டினாங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். முழு வீடியோவையாவது எனக்கு அனுப்பு என்றேன். பாவம், அனுப்பினான். மோசமானவன் என்று அவனைச் சொல்லவும் முடியவில்லை. மோசமானவனாக இருந்திருந்தால் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

அந்த வீடியோவை நான் ஒரே ஒருவருக்குத்தான் காட்ட நினைத்தேன். மற்றவர்கள் எப்படியோ போகட்டும். அக்கா என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. அடுத்த விடுமுறை நாளில் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். மருமகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள், வா என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா சொன்னார்.

"அவ கெடக்கறா. நீ குந்துமா. அத்த நானும் பாத்தேன். நீ அப்படிப் பேச மாட்டன்னு எனக்குத் தெரியாதா? எவனோ கத்தரி போட்ருக்கான். தையல் விட்ட எடம் என் கண்ணுக்குத் தெரியாதா இன்னா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஒரு ஆள் போதும் என்று நினைத்தேன். போனை எடுத்து முழு வீடியோவையும் போட்டு அவர் கையில் கொடுத்தேன். முதல் பாதியில் தலையாட்டிக்கொண்டே பார்த்தார். "யார் கையையும் எதிர்பாக்காம" என்று நான் சொன்ன இடத்தில் "ஆமா, கரீட்டு" என்றார். பிறகு பள்ளம் வந்தது. கான்ட்ராக்டர் என்ற சொல் வந்தது. அவர் முகம் மெதுவாக மூடிக்கொண்டது. சட்டென்று கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல வேள. இத்த வெட்டிட்டான்."

எனக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்றீங்க?"

"என் மவன் எங்க வேல செய்யறான்னு நெனச்ச? அந்தக் கான்ட்ராக்டராண்டதான். ஆளு கூட்டியாந்து வேல வாங்கறான். இந்தப் பள்ளமே அவன் ஆளுங்க வெட்னதுதாமே." குரலை இன்னும் தணித்தார். "நான் வுயுந்த அன்னிக்கே அவன் மொதலாளியாண்ட போயி, எங்கம்மா வயுக்கி வுயுந்துட்ச்சின்னு சொல்லிட்டான். பள்ளத்துலன்னு சொல்லல. சொன்னா வேல பூடும். நீ போனப்புறம் ஆஸ்பத்திரிலயும் பாத்ரூம்னுதான் எய்த வச்சான்."

"உங்க கால்க்கா அது."

"கால் என்துதான். சோறு அவன் போட்றான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பிரியம் இருந்ததா, பயம் இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை. "இத்த வேற யார்க்கும் அனுப்பல இல்ல? அனுப்பாத. அயிச்சிடு. என் முன்னாடியே அயிச்சிடு கண்ணு."

அவர் முன்னாலேயே அழித்தேன். அதற்கப்புறமும் அவர் போனை வாங்கி, வேறெங்காவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும்தான் மருமகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். டீ வந்தது. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசினோம். எங்கள் பஸ்ஸில் தொடர்களைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

கிளம்பும்போது மகன் வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் நான் இருந்ததற்கு அன்றும் நன்றி சொன்னான். தெருமுனைவரை கூட வந்தான். "பாத்துப் போங்க ஆன்ட்டி, அந்தப் பக்கம் பள்ளம் கீது" என்றான். அவன் முகத்தில் எதுவும் இல்லை. நிஜமாகவே நான் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னான்.

நடந்து வரும்போது யோசித்தேன். வெட்டியதில் யாருக்கு நஷ்டம்? கணவருக்குப் பெருமை. சேனல்காரனுக்கு ஆள் கூட்டம். கான்ட்ராக்டருக்கு நிம்மதி. அக்காவின் மகனுக்கு வேலை. அக்காவுக்கு வீட்டில் சோறு. அத்தனை பேருக்கும் சௌகரியமான ஒரு பொய்யில், சொன்னதைச் சொன்னபடி யாராவது கேட்கவேண்டும் என்று நினைத்த நான் ஒருத்திதான் தொல்லை பிடித்தவள். அக்காமேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை. கோபம் இல்லாமலும் இருக்க முடியவில்லை. இன்றுவரைக்கும் அது அப்படியே இருக்கிறது.

மழை முடிந்து கால்வாய்க்கு மூடி போட்டார்கள். சில இடத்தில் மூடி ரோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் உள்ளே இறங்க வழி இல்லை. அதைப் பற்றிக் கணவர் டி.வி.யிடம் விரிவாகச் சொல்லிவிட்டார். அக்காவின் கால் கூடிவிட்டது, ஆனால் நாள் முழுக்க நின்று செய்கிற வேலைக்கு அது ஆகாது என்றார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். என் மகள் வயதில் ஒரு சின்னப் பெண், அதே நிறுத்தத்தில்தான் ஏறுகிறாள். அக்காவோடு போனில் பேசுகிறேன், முன்பு வாரம் தவறாமல், இப்போது நினைவு வரும்போது. உடம்பு எப்படி, மழை உண்டா, அவர் பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா என்பதோடு முடித்துக்கொள்வோம். பஸ் பெண்கள் என்னை மறந்துவிட்டார்கள். அவர்களுக்குத் திட்டுவதற்கு வேறு ஆள் வேறு வீடியோவில் வந்துவிட்டாள். அவளும் என்ன சொன்னாளோ, எதை வெட்டினார்களோ.

எங்கள் ஃபிளாட் சங்கம் மட்டும் மறக்கவில்லை. மகளிர் தின விழாவில் நான் பேச வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். "மேடம், நாட்டு நடப்புல ஏதாவது ஒரு விஷயத்தப் பத்தி உங்க கருத்த அப்படியே போட்டு ஒடைங்க. அன்னிக்குப் பேசின மாதிரி." கணவர் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற அந்தப் பலகையைப் பற்றிப் பேசட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. பேசினால் எதை எடுத்துக்கொள்வார்கள், எதை விடுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்கு எதைப் பற்றியும் கருத்து ஒன்றும் இல்லை சார் என்று சொன்னேன்.

செயலாளர் உடனே நம்பிவிட்டார்.